வானியலின் வாசல் மேசைக் கணனியிலும் திறக்கிறது

வானியல் ஆய்வு என்றதும் எமது மனக்கண் முன் தோன்றுவது மலையுச்சியில் அமைந்த பிரமாண்டமான தொலைநோக்கியே ஆகும். கோடிக்கணக்கில் செலவிடக்கூடிய செல்வந்த நாடுகளுக்கே இத்துறை உரியது என்றும், எமது மாணவர்களுக்கு அது எட்டாக்கனி என்றும் ஓர் எண்ணம் பரவலாக வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் இன்று மீள்பரிசீலனைக்கு உரியதாகும். ஏனெனில், வானத்திலிருந்து ஒளியைச் சேகரிப்பது ஆய்வின் ஒரு பாதியே. சேகரித்த ஒளியிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கும் மறு பாதி கணனியில் நடைபெறுகின்றது. அந்த மறு பாதி, முறையாகத் தெரிவு செய்து பொருத்தப்பட்ட மேசைக் கணனி ஒன்று உள்ள எவருக்கும் இன்று கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது.

இதற்கு அன்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் வரலாறே சிறந்த சான்றாகும். பாரசீகத்தைச் சேர்ந்த முஸ்லிம் வானியலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி, 964ஆம் ஆண்டளவில் எழுதிய தமது நூலில் அதனை ஒரு சிறு முகிலாகக் குறிப்பிட்டார். அவருக்கு உதவியது வெறும் கண் மாத்திரமே. 1888இல் ஐசாக் ரொபர்ட்ஸ் எடுத்த புகைப்படம் அதன் சுருள் வடிவத்தைக் காட்டியது. 1923இல் எட்வின் ஹபிள் எடுத்த புகைப்படத் தகடுகள், அது எமது பால்வீதிக்கு வெளியேயுள்ள தனியொரு விண்மீன் மண்டலம் என்பதை நிறுவ வழிவகுத்தன. இத்தனைக்கும் பின்னர் அங்கு புதிதாகக் காண்பதற்கு எதுவும் எஞ்சியிருக்காது என்றே எவரும் கருதுவர்.

ஆனால், 2023 ஜனவரியில் வியப்பூட்டும் செய்தியொன்று வெளியாகியது. பிரான்ஸைச் சேர்ந்த இருவரும் ஜேர்மனியைச் சேர்ந்த ஒருவருமான மூன்று ஆர்வலர்கள், அன்ட்ரோமெடாவுக்கு அருகே எவரும் அறிந்திராத மாபெரும் ஒளிவில் ஒன்றைக் கண்டறிந்திருந்தனர். ஒட்சிசன் வாயுவின் மிக மங்கலான ஒளியாகிய அது, வானத்தில் முழுநிலவின் அகலத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமுடையது. அது அன்ட்ரோமெடாவின் அருகில் உள்ளதா அல்லது எமது பால்வீதிக்குள்ளேயே உள்ளதா என்பது பின்னர் தொழில்முறை ஆய்வாளர்களிடையே ஆய்வுக்குரிய விடயமாயிற்று. அவர்கள் பயன்படுத்திய தொலைநோக்கியின் விட்டம் 10.6 சென்ரிமீற்றர் மாத்திரமே. பல இரவுகளில் எடுத்த படங்களைப் பொறுமையுடன் ஒன்றுசேர்த்த கணனிப் பணியே பெரும் ஆய்வுகூடங்களின் கண்ணுக்குத் தப்பியதை வெளிக்கொணர்ந்தது.

இது எவ்வாறு சாத்தியமாகின்றது? வானில் மங்கலான பொருள் ஒன்றை ஒருமுறை படமெடுக்கும்போது, அதன் ஒளியுடன் வானத்தின் இயல்பான ஒளிர்வும் கமராவின் மின்னணு இரைச்சலும் கலந்து பதிவாகின்றன. ஒரே பொருளைப் பலமுறை படமெடுத்து அவற்றின் சராசரியை எடுத்தால், பொருளின் ஒளி மாறாதிருக்க, ஒழுங்கற்ற இரைச்சல் ஒன்றையொன்று ஈடுசெய்து குறைகின்றது. இந்த முன்னேற்றம் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே அமையும். 100 படங்கள் சேர்த்தால் 10 மடங்கு தெளிவு கிடைக்கும். அத்தெளிவை மேலும் இரட்டிப்பாக்க வேண்டுமாயின் 200 படங்கள் போதா. 400 படங்கள் வேண்டும். வானியல் படங்களின் தரவு மலைபோல் குவிவதற்குக் காரணம் இதுவே.

படங்களைச் சேர்ப்பதற்கு முன்னரும் செய்யவேண்டிய வேலைகள் உள. தொலைநோக்கியின் வாயை மூடி எடுக்கும் இருட்படங்களைக் கொண்டு கமராவின் வெப்பத்தால் எழும் பொய்யொளி கழிக்கப்படும். சீரான வெளிச்சத்தில் எடுக்கும் சமவொளிப் படங்களைக் கொண்டு வில்லைகளின் தூசி நிழல்களும் ஓரங்களின் மங்கலும் திருத்தப்படும். பின்னர் ஒவ்வொரு படத்திலும் உள்ள நூற்றுக்கணக்கான விண்மீன்களை இனங்கண்டு, எல்லாப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு கணனி நகர்த்திச் சுழற்றும். இறுதியாக, ஒரே புள்ளி எல்லாப் படங்களிலும் காட்டும் பெறுமானங்கள் ஒப்பிடப்படும். ஏனையவற்றிலிருந்து பெரிதும் விலகி நிற்கும் பெறுமானம் நீக்கப்படும். படத்தின் குறுக்கே கோடு கிழித்துச் சென்ற செய்மதியின் தடம் இவ்வாறே மறைகின்றது.

இதன் சுமையை ஓர் எளிய கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். 2 கோடி 60 இலட்சம் புள்ளிகளைக் கொண்ட கமரா ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு 2 பைட் வீதம் ஒரு மூலப்படம் 52 மெகாபைட் ஆகும். தலா மூன்று நிமிடம் வீதம் 300 படங்கள் எடுத்தால், 15 மணித்தியால உழைப்பின் பயனாக 15.6 கிகாபைட் சேரும். அதுவரையில் சிக்கல் இல்லை. ஆனால், அவற்றைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களாகப் பிரித்து, துல்லியத்துக்காக ஒவ்வொரு பெறுமானத்தையும் 4 பைட்டில் எழுதும்போது ஒரு படம் ஏறத்தாழ 312 மெகாபைட்டாகப் பெருகும். 300 படங்களுக்கு இது 94 கிகாபைட். அவற்றை நகர்த்திப் பொருத்தியபின் எழுதும் பிரதிகளுக்கு இன்னொரு 94 கிகாபைட். ஆக, வானத்தின் ஒரு சிறு துண்டுக்கே 200 கிகாபைட்டுக்கும் மேற்பட்ட இடம் தேவைப்படுகின்றது. அலுவலகப் பணிக்கென வாங்கிய கணனி இங்கு திணறுவதில் வியப்பில்லை.

இத்தகைய கணனியை அமைக்க முனைவோர் வழமையாக விடும் தவறு, விளையாட்டுக்களுக்கு உகந்த விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டையில் பணத்தின் பெரும்பகுதியைச் செலவிடுவதாகும். பணம் செல்லவேண்டிய ஒழுங்கு வேறு. முதலாவது, ராம் எனப்படும் முதன்மை நினைவகம். மேற்கண்ட 94 கிகாபைட்டை எந்தச் சாதாரண கணனியும் ஒரே தடவையில் நினைவகத்தில் வைத்திருக்க முடியாது. ஆதலால், மென்பொருளானது எல்லாப் படங்களிலிருந்தும் சிறு சிறு கீற்றுக்களாக வாசித்து ஒப்பிடுகின்றது. நினைவகம் சிறிதானால் கீற்றுக்கள் மெலிந்து, சேமிப்பகத்துக்குச் செல்லும் பயணங்கள் பெருகும். 32 கிகாபைட் போதுமான தொடக்கம். 64 கிகாபைட் இருப்பின் நன்று. எனினும், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் கேள்வி காரணமாக 2025இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக உயர்ந்தது. ஆகையால், பின்னர் மேலும் சேர்ப்பதற்கு இடமுள்ள தாய்ப்பலகையைத் தெரிவு செய்து, சிறிதாகத் தொடங்குவது விவேகமானது.

இரண்டாவது, சேமிப்பகம். செயற்பாட்டில் உள்ள படங்களுக்கு என்.வி.எம்.ஈ. வகை எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் வேண்டும். சுழலும் வன்தட்டுடன் ஒப்பிடுகையில் இதன் வேகம் பன்மடங்காகும். முடிவுற்ற வேலைகளைக் களஞ்சியப்படுத்துவதற்கு மலிவான வன்தட்டே போதும். மூன்றாவது, செயலி. படங்களைப் பொருத்தும் வேலையைப் பல கூறுகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் செய்யலாமாதலால், பல கருக்களைக் கொண்ட செயலி பெரும் பயன் தரும். எட்டுக் கருக்களுக்குக் குறையாதது விரும்பத்தக்கது. கிராபிக்ஸ் அட்டை நான்காவது இடத்திலேயே வருகின்றது. விண்மீன்களைப் பிரித்தெடுக்கவும் இரைச்சலைக் குறைக்கவும் அண்மைக் காலத்தில் வந்துள்ள நரம்பு வலையமைப்பு மென்பொருட்களை அது பன்மடங்கு விரைவுபடுத்தும். ஆனால், அது இன்றியும் அடிப்படைப் பணிகள் அனைத்தும் நடைபெறும்.

இந்நரம்பு வலையமைப்பு மென்பொருட்கள் குறித்து ஓர் எச்சரிக்கையும் அவசியம். அவை தாம் கற்ற படங்களின் சாயலை, உண்மையில் இல்லாத இடத்திலும் வரைந்துவிடக்கூடும். அழகிய படம் வேறு, அறிவியல் சான்று வேறு. மூலப்படங்களை அழியாது பேணுவதும், செய்த ஒவ்வொரு படியையும் குறித்து வைப்பதும் மாணவர்களுக்கு முதலில் கற்பிக்கப்பட வேண்டிய ஒழுக்கங்களாகும்.

எமது நாட்டுச் சூழலுக்கே உரிய இரு தேவைகளும் உண்டு. செயலி பல மணித்தியாலம் முழுவீச்சில் இயங்கும்போது சூடேறும். வெப்பம் எல்லை மீறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே, எமது காலநிலையில் காற்றோட்டமான கூடும் தரமான குளிரூட்டியும் ஆடம்பரங்களல்ல. அவ்வாறே, இடைநடுவில் மின்சாரம் தடைப்பட்டால் இரவு முழுவதும் நடந்த வேலை வீணாகும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்த மின்வெட்டை அனுபவித்த எமக்கு யூ.பி.எஸ். சாதனத்தின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

மென்பொருளுக்குச் செலவு இல்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. சிரில், டீப் ஸ்கை ஸ்ராக்கர் ஆகியன இலவசமாகவே கிடைக்கின்றன. சிரில், லினக்ஸ் இயங்குதளத்திலும் செயற்படுவதால் அனுமதிப்பத்திரக் கட்டணமும் மிஞ்சுகின்றது.

தொலைநோக்கி இல்லையே எனத் தயங்கவும் வேண்டியதில்லை. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி பல தசாப்தங்களாக எடுத்த மூலத்தரவுகள் எவரும் இணையத்தில் பெற்றுக்கொள்ளத்தக்கதாக உள்ளன. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகளும் உரிய ஆய்வாளருக்கான கால எல்லை முடிந்ததும் பொதுவுடைமையாகின்றன. 2016இல் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலத்தின் கமரா எடுத்த மூலப்படங்களைப் பொதுமக்களே பதப்படுத்துமாறு நாசா நிறுவனம் அழைப்பு விடுத்தது. வியாழனின் புகழ்பெற்ற பல வண்ணப் படங்கள் அவ்வாறு ஆர்வலர்களின் வீட்டுக் கணனிகளில் உருவானவையே. பருவமழை முகில்களால் மாதக்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும் எமது தீவுக்கு இத்தரவுக் களஞ்சியங்கள் ஒரு வரப்பிரசாதம் என்றே கூறவேண்டும்.

கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகத்துக்கு ஜப்பானின் அன்பளிப்பாக 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1996இல் கிடைத்தது. அத்தகைய கருவியை ஒவ்வொரு மாவட்டத்திலும் நிறுவுவது எமது பொருளாதார நிலையில் நடவாத காரியம். ஆனால், வலயத்துக்கு ஒரு பாடசாலையிலாவது இத்தகைய கணனி ஒன்றை அமைப்பது நடக்கக்கூடியதே. பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்துள்ள எம்மவரும் பாடசாலைகளுக்குக் கணனிகளை அன்பளிப்புச் செய்து வருகின்றனர். அவற்றுள் பத்துச் சாதாரண கணனிகளுக்குப் பதிலாக ஒன்பதையும், எஞ்சிய பணத்துடன் சற்றே கூட்டி வலுவான ஒன்றையும் வழங்குவது பற்றி அவர்கள் சிந்திக்கலாம். மாணவர்கள் கணனியின் பாகங்களைத் தாமே தெரிவு செய்து பொருத்துவார்களாயின், அதுவே தகவல் தொழில்நுட்பப் பாடத்தின் சிறந்த செய்முறைப் பயிற்சியாகும். வர்க்கமூலமும் சராசரியும் பரீட்சைத் தாளுக்கு வெளியே எதற்குப் பயன்படுகின்றன என்பதையும் அவர்கள் அங்கே கண்ணால் காண்பர்.

அஸ்ஸூபி கண்ட அச்சிறு முகிலை, நவம்பர் மாத முன்னிரவில் முகில் விலகும் வேளைகளில், மின்விளக்குகள் அற்ற எமது கிராமங்களிலிருந்து இன்றும் வெறுங்கண்ணால் காணலாம். அதனைக் கண்டு வியந்து நிற்கும் மாணவன் அல்லது மாணவி, மறுநாள் பாடசாலைக்குச் சென்று அதே பொருளின் மூலத்தரவைத் தானே ஆராயும் வாய்ப்பைப் பெறவேண்டும். வானம் எவருக்கும் தனியுடைமையல்ல. அதன் தரவுகளும் இன்று அவ்வாறே திறந்து கிடக்கின்றன. அவற்றை வாசிக்கும் கருவியை எமது பிள்ளைகளின் கைகளில் கொடுப்பதில் கல்வித் துறையினரும் சமூக ஆர்வலர்களும் இனியும் தாமதிக்கலாகாது.