செயின்சாவில் மரம் அறுக்கிறீர்களா? தொடைக்குக் கவசம் போடுங்கள்

காய்ப்பு நின்ற தென்னையைச் சாய்ப்பதானாலும், சவுக்குத் தோப்பில் வெட்டு நடந்தாலும், தரிசில் சீமைக்கருவேலத்தை அகற்றினாலும் இன்று கோடரிக்கு முன்னால் செயின்சாதான் வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களைத் துண்டு போட்டு அகற்ற இந்த மெஷின்தான் கைகொடுத்தது. மெஷின் வாங்க வருபவர்கள் பார் எத்தனை அங்குலம், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். காலில் என்ன போட வேண்டும் என்று கேட்பவர் அரிது. மடித்துக் கட்டிய லுங்கியும் ஹவாய் செருப்பும்தான் தோப்புகளில் நாம் பார்க்கும் கோலம்.

முழு வேகத்தில் ஓடும் செயினின் வேகம் நொடிக்கு 20 மீட்டர் அளவில் இருக்கும். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். 18 அங்குல பாரில் ஓடும் செயினின் மொத்தச் சுற்றளவு ஏறத்தாழ 1.2 மீட்டர். மெஷின் காலில் பட்டுவிட்டது என்று உணர்ந்து கையை எடுக்க உங்களுக்குக் கால் நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் செயின் முழுதாக நான்கு சுற்றுச் சுற்றி, அத்தனை பற்களும் அதே இடத்தைக் கடந்துபோயிருக்கும். அரிவாள் வெட்டு போல ஒரு கோடாக இல்லாமல், சதையைப் பிய்த்து எடுக்கும் காயம் இது. தொடையின் உள்பக்கமாகப் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அது அறுபட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம்.

பெரும்பாலும் அடிபடுவது இடது கால்தான். வலது கை பின் கைப்பிடியில் ஆக்சிலேட்டரை அழுத்த, இடது கை முன் கைப்பிடியைப் பிடிக்க, இடது கால் சற்று முன்னால் நிற்கிறது. கிளை அறுந்து விழுந்த நொடியில், அழுத்திக்கொண்டிருந்த மெஷின் பிடிமானம் இல்லாமல் கீழே இறங்கும். இறங்கும் வழியில் இருப்பது உங்கள் இடது தொடையும் முழங்காலும். தென்னையில் இந்த ஆபத்து கூடுதல். நார் நிறைந்த அதன் அடிமரம் செயினைச் சீக்கிரம் மழுங்க வைக்கும். மழுங்கிய செயின் இறங்காததால் ஆள் முழு பலத்தோடு அழுத்துவார். கடைசி நாரும் அறுந்தவுடன் அந்த பலம் முழுவதும் காலை நோக்கி வரும். எனவே செயினைக் கூர்மையாக வைத்திருப்பதும் கால் பாதுகாப்பில் ஒரு பகுதிதான்.

‘சாப்ஸ்’ என்று கடைகளில் கேட்டால் கிடைப்பதுதான் செயின்சா கால் கவசம். இடுப்பில் பெல்ட் போலக் கட்டி, இரண்டு கால்களின் முன்பக்கத்தையும் மூடி, பின்னால் வார்களால் பூட்டிக்கொள்ளலாம். இது இரும்பைப் போலத் தடுத்து நிறுத்துவதில்லை. மேல் துணிக்கு உள்ளே மிக உறுதியான நீண்ட இழைகள் பல அடுக்குகளாக இருக்கும். செயின் மேல் துணியைக் கிழித்தவுடன் இந்த இழைகள் கொத்துக் கொத்தாக வெளியே இழுபட்டு, செயினோடு போய் அதைச் சுழற்றும் பற்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். வைக்கோல் சிக்கிய இயந்திரம் போல மெஷின் நின்றுவிடும். இதனால்தான் ஜீன்ஸ் பேன்ட்டோ, சாக்குத்துணியோ, புல் வெட்டும் மெஷினோடு தரும் பிளாஸ்டிக் முழங்கால் காப்போ இதற்கு மாற்றாகாது. அந்தப் பிளாஸ்டிக் கல் தெறிப்பதற்கானது. செயின் அதை ஒரு பொருட்டாகவே மதிக்காது. தொங்கும் லுங்கி இன்னும் மோசம். அதன் நுனி செயினில் மாட்டினால் மெஷினையே காலை நோக்கி இழுத்துவரும்.

வாங்கும்போது லேபிளில் செயின்சா படம் இருக்கிறதா, ‘இஎன் 381-5’ அல்லது ‘ஐஎஸ்ஓ 11393-2’ என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். கிளாஸ் 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர் வேகத்திலும், கிளாஸ் 2 என்றால் 24 மீட்டர் வேகத்திலும் சோதித்தது என்று பொருள். நமது தோப்பு வேலைக்குக் கிளாஸ் 1 பொதுவாகப் போதும். குறியீடே இல்லாத மலிவுச் சரக்கு வேண்டாம். நீளம் காலணி வரை எட்ட வேண்டும். எல்லா வார்களையும் பூட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும் செயின் பட்டவுடன் கவசம் காலைச் சுற்றித் திரும்பிவிடும், வெறும் கால் வெளியே வந்துவிடும்.

பேட்டரி மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கவசங்கள் பெட்ரோல் மெஷினை மனதில் வைத்துச் செய்தவை. மின் மோட்டாரின் இழுவிசை குறைந்த வேகத்திலும் அதிகம் என்பதால், இழை சிக்கினாலும் நிற்காமல் இழுக்கக்கூடும்.

வெயிலில் இதைப் போட்டால் வேகுமே என்பது நியாயமான கேள்வி. வேகத்தான் செய்யும். பின்பக்கம் திறந்திருக்கும் சாப்ஸ், முழுக் கால்சட்டையைவிடக் காற்றோட்டமானது. காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் அறுப்பு வேலையை முடித்துவிட்டு, கட்டை அடுக்குவதை மீதி நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கவசத்தில் எண்ணெய் ஊறினால் இழைகள் ஒட்டிக்கொண்டு, தேவைப்படும்போது வெளியே வராது. மிதமான சோப்பு நீரில் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. உள் அடுக்குவரை வெட்டுப்பட்டதைத் தையல்காரரிடம் கொடுத்துத் தைக்காதீர்கள். தையல் இழைகளைப் பிணைத்துவிடும். அது முடிந்த கவசம், மாற்றிவிடுங்கள்.

நம் ஊரில் மெஷின் பிடிப்பவர் பெரும்பாலும் கூலிக்கு வருபவர். அவரே வாங்கி வரட்டும் என்று தோப்புக்காரர் நினைப்பார், தோப்புக்காரர் தரட்டும் என்று அவர் நினைப்பார். என் கருத்து, மெஷின் யாருடையதோ கவசமும் அவருடைய பொறுப்பு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ குழுவோ மெஷினை வாடகைக்கு விட்டால், கவசத்தையும் அதே பையில் சேர்த்துக் கொடுங்கள். தனியாக வாடகை கேட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

தனி ஆளாக மரம் அறுக்கப் போகாதீர்கள். கையில் போன் இருக்கட்டும். காலில் பட்டுவிட்டால் மஞ்சள்தூள், காப்பித்தூள் வைத்து நேரத்தை வீணாக்காமல் சுத்தமான துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். அழுத்தியும் ரத்தம் பீறிட்டால், காயத்துக்கு மேலே இடுப்புப் பக்கமாக அகலத் துணியைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இடையில் தளர்த்தாதீர்கள்.