வாட்டர் பாடி ஒழுகுகிறதா? கழற்றிய பம்பைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து அகல் விளக்கும் பொம்மையும் ஏற்றிப் போகும் பழைய லாரிகளில் தண்ணீர் கேன் இல்லாத வண்டியைப் பார்ப்பது அரிது. வாட்டர் பாடி, அதாவது இன்ஜினின் தண்ணீர் பம்ப், ஒழுகுவது ஓட்டுபவருக்குத் தெரியும். இருந்தும் டீக்கடைக்கு டீக்கடை நிறுத்தி ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே லோடை இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். வழியில் ஹெட் கேஸ்கெட் போகிறது, ஹெட் வளைகிறது, சில வண்டிகளில் இன்ஜினே சீஸ் ஆகிறது. ஒரு நாள் பட்டறை வேலையில் முடிந்திருக்க வேண்டியது, பல மாதத் தவணைப் பணத்தை விழுங்கிவிடுகிறது.

இதைவிட வயிற்றெரிச்சல் இன்னொன்று. புதிதாகப் போட்ட பம்ப் சில வாரத்திலேயே ஒழுகுகிறது. கடைக்காரர் கைவிரிக்கிறார். வண்டிக்காரர் மறுபேச்சில்லாமல் இன்னொரு பம்ப் வாங்குகிறார். கையில் பில் இல்லை, கழற்றிய பம்பும் காயலான் கடைக்குப் போய்விட்டது. ‘லாரிக்காரனுக்கு ஏதுங்க கன்ஸ்யூமர் கோர்ட்டு’ என்று அவரே சொல்லிவிடுகிறார். இருக்கிறது. எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன், முதலில் ஒழுகலைப் பார்ப்போம்.

பம்பின் அடிப்பக்கத்தில், சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில், ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டுவதற்காக வைத்த துளை அது. அந்த வழியாகத் தண்ணீர் விடாமல் சொட்டினால் பம்பின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அதில் எம்-சீல் வைத்து அடைப்பவர்களையும், திருகாணி முடுக்குபவர்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தயவுசெய்து அடைக்காதீர்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்கைத் தின்னும், ஷாஃப்ட் ஆடும். பழைய இன்ஜின்கள் பலவற்றில் ஃபேன் அந்த ஷாஃப்டில்தான் மாட்டியிருக்கிறது. ஷாஃப்ட் ஆடினால் ஃபேன் இறக்கை ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

பல பம்புகளில் சீலின் ஒரு முகம் கார்பன், மறுமுகம் செராமிக் வளையம். இரண்டுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்வரைதான் அது தாங்கும். தண்ணீரில்லாமல் ஓடிக் கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் என்ன ஆகும் என்று சூளை எரிக்கிற இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: சூடு ஆறாத பண்டத்தின் மேல் ஈரம் பட்டதுபோல் வளையம் விரியும். ஹெட்டும் விரிசல் விடலாம்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் மூடி தளர்ந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். வண்டியை ஓரங்கட்டி, இன்ஜின் தொட்டுப் பார்க்கிற அளவு ஆறும்வரை காத்திருங்கள். தோல் வெந்துவிட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, எண்ணெய் எதுவும் வேண்டாம். காயம் பெரிதென்றால் 108. திரும்பவும் சொல்கிறேன், சூட்டில் மூடியைத் தொடாதீர்கள்.

நடுவழியில் நின்றுபோனால் கல்லும் மரக்கிளையும் வைப்பதை விட்டு, ஒளி பிரதிபலிக்கும் முக்கோணப் பலகையை வையுங்கள். வண்டி கிளம்பியதும் அந்தக் கற்களை யாரும் எடுப்பதில்லை. இரவில் இருசக்கர வண்டிக்காரர்தான் அதில் மோதுகிறார். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-ஐ அழையுங்கள். இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள்: இ-வே பில். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் கெடு. பம்ப் வேலையில் நாள் கடந்துவிடும் என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து முடிந்த எட்டு மணி நேரம் வரை தளத்தில் காரணம் காட்டி நீட்டிக்கலாம். சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் பகுதி ‘பி’யில் புதிய வண்டி எண்ணைப் பதிந்த பிறகே நகர்த்துங்கள். சோதனைக்கு நிறுத்தும் அதிகாரிகள் ஒழுகும் பம்பைப் பார்த்து இரங்க மாட்டார்கள். அபராதம் வரியைப் போல இரண்டு மடங்காகவே வரலாம்.

இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்காதீர்கள். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் மோட்டார் பாலிசியில் அடங்காது. விபத்தில் ரேடியேட்டர் உடைந்திருந்தாலும், பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடுகிற சேதம் உங்கள் தலையில்தான் விழும்.

இனி கடைக்கு வருவோம். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதை வாங்காதீர்கள். பெட்டியைப் படம் எடுத்து, நம் மாவட்டத் தலைநகரான கடலூரில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்குப் புகார் எழுதுங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தையும் பொட்டல விதிகளையும் அமல்படுத்துவது தொழிலாளர் துறைதான். பண்டிகை நேரத்தில் கடைத்தெருவில் தராசு பார்க்கிற அக்கறையில் பாதியை உதிரிபாகக் கடைகளில் காட்டினாலே போலிச் சரக்கு குறையும். நீங்கள் எழுதாதவரை அவர்கள் வரமாட்டார்கள்.

பில் வாங்குங்கள். ஜி.எஸ்.டி. எண், தேதி, உங்கள் பெயர், லாரி எண், பம்பின் பார்ட் நம்பர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். துண்டுச்சீட்டு பில் ஆகாது. பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறதே என்று தயங்காதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைதான். பட்டறைக் கூலிக்கும் தனியாக ரசீது கேளுங்கள்.

பம்பை மாட்டும்போது பழைய பேக்கிங்கை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது பேக்கிங் வைக்கச் சொல்லுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் இறங்க வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் புதுப் பேரிங் சீக்கிரம் போய்விடும், அதைக் காட்டியே கடைக்காரர் உங்கள் புகாரைத் தட்டிவிடுவார். உப்பு நிறைந்த போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். கம்பெனி சொன்ன அளவில் கூலன்ட் கலந்து, மெதுவாக நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். கூலன்ட் விஷம், இனிப்பாகவும் இருக்கும். வடித்ததைத் தரையில் விட்டால் நாயும் மாடும் குடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் புது பம்ப் ஒழுகினால் அதைக் கழற்றிப் பிரிக்காதீர்கள், எறியாதீர்கள். பெட்டியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். பார்வையால் தெரியாத குறை என்றால் நுகர்வோர் குறைதீர் ஆணையம் அந்தப் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பம்பே இல்லை என்றால் அனுப்புவதற்கு என்ன இருக்கும்? ‘கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம், கொடுங்கள்’ என்று கடைக்காரர் கேட்டால், பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்து வாங்காமல் கொடுக்கவே கூடாது.

வழக்குப் போட்டால், லாரி வணிக வாகனம், நீங்கள் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். சில இடங்களில் மனு வாங்கும் மேசையிலேயே அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். திரும்பி வராதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்பிரிவு 2(7)-இன் விளக்கமே சொல்கிறது. 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனத்துக்கும் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் லாரியையே உதாரணமாகச் சொன்னது: தானே ஓட்டி வாடகைக்கு விடுவதற்காக லாரி வாங்கியவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவர் வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. பல வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டும் முதலாளிக்கு இது பொருந்தாது. ஆகவே உங்கள் பேரில் உள்ள ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், வாடகை வரவு தெரியும் வங்கிப் புத்தகம் மூன்றின் நகலையும் இணைத்து, ‘இந்த லாரியை நானே ஓட்டிப் பிழைக்கிறேன்’ என்ற வரியை மனுவில் எழுதுங்கள். வண்டி வாங்கி வருடக்கணக்காகியும் ஆர்.சி.யைப் பழைய ஓனர் பேரிலேயே வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றுங்கள்.

முதல் படி, கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் ஒரு நோட்டீஸ். பதிவுத் தபால் 2025-இல் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது, எனவே விரைவு அஞ்சலில் ஒப்புகை கேட்டு அனுப்பி, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பம்பை சேலத்தில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டணம், பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. பம்பால் இன்ஜின் போனதற்கும் சேர்த்து இழப்பீடு கேட்கலாம், அதனால் கட்டணம் அதிகமாகாது. வக்கீல் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் விருத்தாசலம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், தீர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆணையங்கள் இந்தக் கெடுவை மதிப்பது குறைவு. தக்க காரணம் காட்டாமல் உங்களுக்கான கெடுவில் அந்தச் சலுகை கிடையாது: வழக்குப் போட இரண்டு ஆண்டு, தீர்ப்பு பாதகமானால் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள். பில்லின் மை மங்கிப்போகும் முன் இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.