கண்ணாடி சுத்தம் செய்யும் தொழில்: எந்த ஜெட்டைப் பொருத்துவது?

வளைகுடா நாடுகளில் கட்டிடத் துப்புரவு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் நம் பிள்ளைகளில் சிலர், அங்கே கற்ற கண்ணாடி சுத்தம் செய்யும் வேலையையே இங்கே சொந்தத் தொழிலாகத் தொடங்க நினைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். கம்பு, பம்பு, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி ஆகியவற்றின் விலையை நன்றாக விசாரித்துவிடுகிறார்கள். தண்ணீர் வெளியே வரும் சிறு துவாரமான ஜெட்டைப் பற்றி விசாரிப்பவர் குறைவு. ஆனால் ஒரு நாளில் எத்தனை ஜன்னல் முடியும், எவ்வளவு தண்ணீர் செலவாகும், வேலை கொடுத்தவர் மறுபடி கூப்பிடுவாரா என்பதில் அந்தச் சிறு பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு.

முதலில் வேலையின் முறையைப் பார்ப்போம். நீளக் கம்பின் உச்சியில் ஒரு பிரஷ் இருக்கும். கம்பின் ஊடே செல்லும் குழாய் வழியாகச் சுத்திகரித்த நீர் ஏறி, பிரஷில் உள்ள ஜெட்கள் வழியே கண்ணாடியில் விழும். பிரஷ் அழுக்கைத் தேய்த்து இளக்கும். நீர் அதை அடித்துக்கொண்டு போகும். துணியால் துடைப்பதில்லை. நீரில் உப்பு இல்லாததால் கண்ணாடி தானாகக் காய்ந்தாலும் வெள்ளைப் புள்ளி விழாது. ஏணியில் ஏறாமல் தரையில் நின்றபடியே மூன்று, நான்கு மாடி வரை வேலை செய்யலாம். பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டு வந்த விதிமுறைகள், உயரத்தில் ஏறாமலே செய்ய முடிகிற வேலைக்கு ஏறுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. அங்கே இந்த முறை பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜெட்களில் முக்கியமானவை இரண்டு வகை. பென்சில் ஜெட்டில் நீர் ஒரே கோடாகப் பாயும். விசிறி ஜெட்டில் நீர் விசிறி விரித்ததுபோல் அகலமாகப் பரவும். பென்சில் ஜெட்டின் நீர் ஓரிடத்தில் வலுவாக விழுவதால் சட்டத்தின் மூலை, ஒட்டிக்கிடக்கும் பறவை எச்சம் போன்றவற்றுக்கு ஏற்றது. காற்றிலும் அதிகம் சிதறாது. விசிறி ஜெட் ஒரே இழுப்பில் பிரஷின் முழு அகலத்தையும் நனைத்துவிடும்; அகலமான கண்ணாடிகளை அலசுவதற்கு நல்லது. ஆனால் பலமான காற்று வீசும்போது அதன் நீர் பறந்து வீணாகும்.

இவற்றில் எது வேண்டும் என்பதைக் கண்ணாடியே சொல்லும். நன்றாகத் தேய்த்த பிறகு நீர் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். சில கண்ணாடிகளில் நீர் ஏடுபோல் விரிந்து ஒரே படலமாக இறங்கும். அங்கே இரண்டு பென்சில் ஜெட் போதும். இரண்டுக்கும் இடையில் உள்ள இடத்தையும் நீர் தானே பரவி அலசிவிடும். வேறு சில கண்ணாடிகளில் நீர் தாமரை இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாகத் திரளும். அங்கே பென்சில் ஜெட்டைப் பயன்படுத்தினால் நீர் இரண்டு கோடுகளாக மட்டும் இறங்கும். நடுவில் அழுக்கு நீர் தங்கிக் காய்ந்து தடமாகும். இத்தகைய கண்ணாடிக்கு விசிறி ஜெட்டே பொருத்தம். பென்சில் ஜெட் மட்டுமே கையில் இருந்தால் நான்காகப் பொருத்தலாம். அல்லது பிரஷை இடமும் வலமும் நெருக்கமாக நகர்த்தி நிதானமாக அலச வேண்டும்.

அடுத்தது துவாரத்தின் அளவு. 1.4 மி.மீ.க்கும் 2 மி.மீ.க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் நீர் செல்லும் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 2 மி.மீ. துவாரத்தின் பரப்பு 1.4 மி.மீ. துவாரத்தைப் போல் இரண்டு மடங்கு. பம்பு அதே அளவு நீரைத் தள்ளினால், சிறு துவாரத்தில் நீர் வேகமாகவும் பெரிய துவாரத்தில் மெதுவாகவும் வரும். துவாரம் மிகவும் சிறிதானால் நீர் கண்ணாடியில் மோதித் தெறிக்கும். அழுத்தம் கூடிப் பம்பும் அடிக்கடி நின்று நின்று ஓடும். மிகவும் பெரிதானால் மேல்மாடியில் நீர் கண்ணாடியைத் தொடாமல் பிரஷிலேயே வழிந்துவிடும்.

உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நீர் 10 மீட்டர் மேலே ஏறினால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் குறையும். நீளமான, மெல்லிய ஓஸ் இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ஆகவே தரையில் சோதித்துப் பார்த்து ஜெட் வாங்கினால் போதாது. வழக்கமாக வேலை செய்யும் உயரத்தில் நீர் எப்படி விழுகிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊர்களில் இதைவிடக் கவனிக்க வேண்டியது தண்ணீர். பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புத் தன்மை மிகுந்தது. டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரே இந்த வேலைக்கு உத்தமம்; 10-க்கு மேல் போனால் புள்ளிகள் தெரியத் தொடங்கலாம். அந்த அளவுக்குச் சுத்திகரிக்க ஆர்.ஓ. கருவியும் அதன்பின் ரெசின் வடிகட்டியும் தேவை. சிறிய ஆர்.ஓ. கருவிகளில் உள்ளே போகும் நீரில் பாதியோ அதற்கு மேலோ கழிவாக வெளியேறுவது சாதாரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 3 மணி நேரம் நீர் ஓடினால் 360 லிட்டர் ஆகிறது. 1.2 லிட்டரில் அதே வேலை முடிந்தால் 216 லிட்டர்தான். மிச்சமாகும் 144 லிட்டருக்காகக் கழியும் நீரையும் சேர்த்தால் இரு மடங்கு விரயம் தவிர்க்கப்படுகிறது. ரெசினும் அதிக நாள் உழைக்கும்.

எவ்வளவு நீர் வருகிறது என்று அறிய எளிய வழி உண்டு. பிரஷை வாளிக்குள் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் ஓடவிட்டு அளந்துகொள்ளுங்கள். பம்பின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, அழுக்கு முழுதும் இறங்கிப் போகும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள். நீர் பிரஷின் மயிரில் மோதாமல் நேரே கண்ணாடியில் விழுகிறதா என்பதையும் பாருங்கள். கோணம் தவறினால் எந்த ஜெட் வாங்கியும் பயனில்லை. மேல்சட்டத்தை முதலில் அலசிய பிறகே கண்ணாடியை அலச வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்திலிருந்து பின்னால் சொட்டும் அழுக்கு நீர் செய்த வேலையைக் கெடுத்துவிடும்.

கண்ணாடியின் ஒரு பக்கம் மட்டும் தடம் விழுந்தால், ஜெட் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊசியால் குத்தக் கூடாது. துவாரம் அகன்று நீர் கோணலாகப் பாயும். கழற்றி வினிகரில் ஊறவைத்து, பின்புறமிருந்து நல்ல நீரைச் செலுத்தினால் பெரும்பாலும் சரியாகும். ரெசின் தொட்டிக்குப் பின்னால் ஒரு சிறு வடிகட்டி வைத்துவிட்டால் அடைப்பே குறையும்.

எனவே தொழில் தொடங்கும் சகோதரர்கள் ஒரே வகையில் நிறைய வாங்காமல், பென்சில் ஜெட் ஒரு ஜோடியும் விசிறி ஜெட் ஒரு ஜோடியும் வைத்துக்கொண்டு, இடத்துக்குத் தக்கபடி மாற்றிப் பொருத்துவது சிக்கனம். வேலை செய்யும் இடத்தில் மின்கம்பி போகிறதா என்று மேலே பார்க்காமல் மட்டும் கம்பைத் தூக்க வேண்டாம். கார்பன் ஃபைபர் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான கம்பு எதுவானாலும் ஆபத்தே. கம்பி அருகில் இருந்தால் அந்த வேலையை ஏற்காமல் விட்டுவிடுங்கள்.