கீழே விழ இருந்த அணி மறு ஆண்டே பட்டம் வென்றது!
சென்னை சிட்டி கால்பந்து அணியின் கதை

சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழர்களுக்குக் கிரிக்கெட் கணக்கு தலைகீழ்ப் பாடம். ஆனால், ஒரு தமிழ்நாட்டுக் கால்பந்து அணி மயிரிழையில் உயிர் தப்பி, அடுத்த ஆண்டே இந்தியாவின் பட்டத்தைத் தட்டிச் சென்ற செய்தி பலருக்குத் தெரியாது.

அந்த அணியின் பெயர் சென்னை சிட்டி. 1946-ஆம் ஆண்டில் நேதாஜி விளையாட்டுக் கழகமாகத் தொடங்கிய அணி அது. 2016-17-இல் ஐ-லீக் போட்டியில் இடம் பெற்றது. அடுத்த ஆண்டு கோவை ஜவகர்லால் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக்கிக் கொண்டது.

இறக்கம் என்றால் என்ன?

லீக்கில் வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. கடைசியில் நிற்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும்.

இறங்கினால் பெயர் மட்டும் போவதில்லை. விளம்பரம் கொடுப்பவர்கள் விலகுவார்கள். நல்ல வீரர்கள் வேறு அணி தேடுவார்கள். ஒப்பந்தத்தை நம்பி வாழும் ஏழை வீட்டுப் பையன்களின் சம்பளம் கேள்விக்குறியாகும்.

வங்கியிலும் ரயில்வேயிலும் வேலை பெற்று ஆடிய பழைய வீரர்களுக்கு, அணி தோற்றாலும் மாதச் சம்பளம் உண்டு. சென்னையின் இந்தியன் வங்கி அணி 2003-04-இல் தேசிய லீக்கிலிருந்து இறக்கப்பட்டபோது நிலைமை அப்படித்தான் இருந்தது. தனியார் கழகத்து வீரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஏறியதும் சறுக்கியதும்

2017-18-இல் சென்னை சிட்டி தத்தளித்தது. 2018 ஜனவரியில் கொல்கத்தா சென்று, புகழ்பெற்ற மோகன் பகானை 2-1 என்று தோற்கடித்தது. அந்தத் தோல்வியோடு மோகன் பகான் பயிற்சியாளர் சஞ்சய் சென் பதவியைத் துறந்தார்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பிப்ரவரியில் ஈஸ்ட் பெங்கால் அணி 7-1 என்று சென்னை சிட்டியைப் புரட்டி எடுத்தது.

18 ஆட்டங்களில் கிடைத்தது 19 புள்ளிகள்தான். கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணி 17 புள்ளிகளுடன் பின்னால் துரத்தி வந்தது. அதற்கும் கீழே 15 புள்ளிகளுடன் இந்தியன் ஆரோஸ். அது இளைஞர்களுக்காகச் சம்மேளனம் நடத்திய அணி. அதற்கு இறக்கம் கிடையாது. எனவே ஒன்பதாம் இடமே ஆபத்தான இடம்.

2018 மார்ச் 8. சர்ச்சிலின் கடைசி ஆட்டம் பஞ்சாபின் மினர்வா அணியுடன். சர்ச்சில் வென்றால் 20 புள்ளி. சென்னை சிட்டி ஒன்பதாவது இடத்துக்குத் தள்ளப்படும். மினர்வாவுக்கோ வென்றால் பட்டம்.

மினர்வா 1-0 என்று வென்றது. ஒரே ஒரு கோல்! மினர்வா கோப்பையைத் தூக்கியது. சென்னை சிட்டி பிழைத்தது. சர்ச்சிலையும் பின்னர் சம்மேளனம் லீக்கில் சேர்த்துக் கொண்டது.

அந்தக் கஷ்ட காலத்திலும் ஒரு நட்சத்திரம் மின்னியது. குமரி மாவட்டக் கடலோரத்து இளைஞர் மைக்கேல் சூசைராஜ், அந்த ஆண்டின் சிறந்த நடுக்கள வீரராகத் தேர்வு பெற்றார்.

மீண்டும் மினர்வா!

அடுத்த ஆண்டு சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். உருகுவேயில் பிறந்து ஸ்பெயினில் ஆடிய பெட்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு வீரர்களும் தோள் கொடுத்தார்கள்.

2019 மார்ச் 9, கோவையில் கடைசி ஆட்டம். எதிரணி யார் தெரியுமா? முந்தைய ஆண்டு காப்பாற்றிய அதே மினர்வாதான்!

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டது. இடைவேளை வரை பதில் கோல் இல்லை. பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1! அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆனாலும் 43-க்கு 42 என்று ஒரு புள்ளியில் பட்டம் சென்னை சிட்டிக்கு. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல் முறை.

இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி 2015-இல் இறக்கத்திலிருந்து தப்பி 2016-இல் பட்டம் வென்றதை உலகமே கொண்டாடியது. கோவையில் நடந்ததும் அதற்குக் குறைந்ததல்ல.

வென்றும் ஏற்றம் இல்லை

பட்டம் வென்ற அணிக்கு மேலே ஏறப் படி இல்லை. அப்போது ஐ-லீக்கிலிருந்து ஐ.எஸ்.எல். போட்டிக்கு உயர்வு கிடையாது. 2020-இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றது. அதன்பின் கொரோனா வந்து ஆட்டங்களை நிறுத்தியது. 2020-21-இல் மறுபடியும் கீழ் ஐந்து அணிகளின் வரிசை. 2021-22 லீக்கில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை.

ஐ-லீக்கை வென்று முதன்முதலாக ஐ.எஸ்.எல்.லுக்கு உயர்ந்த அணி, 2023-இல் பஞ்சாப் எஃப்.சி. அது வேறு யாருமல்ல, பெயர் மாறிய மினர்வாதான்!

களத்தில் தோற்று இறங்காத அணி, களத்துக்கு வெளியே காணாமல் போனது. கோப்பை வாங்கித் தந்த பையன்களுக்கு நிலையான ஒரு கழகம் வேண்டும். அதைக் காப்பது பணம் போடுவோர், சங்கம், ரசிகர் ஆகிய மூவரின் பொறுப்பு.