கொண்டைக்கடலையின் குலதனம்

நவராத்திரி வந்துவிட்டால் நம் இல்லங்களில் கொண்டைக்கடலைச் சுண்டலுக்குக் குறைவிராது. அதன் சுவையை அறிந்த நாம், அக்கடலையின் குலம் கோத்திரத்தை விசாரித்ததுண்டா? விசாரிக்கத் தக்க விஷயந்தான் அது.

கடலையின் மூதாதை துருக்கி தேசத்தின் தென்கிழக்கு மலைச்சரிவுகளில் இன்றும் காட்டுச் செடியாக வளர்ந்து வருகிறது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர் அதன் வித்துக்களிற் சிலவற்றை வயலுக்குக் கொணர்ந்தனர். போதாக்குறைக்கு, கடலைப் பூ இதழ் விரிக்கு முன்பே தன் மகரந்தத்தைக் கொண்டே கருவுற்றுவிடும். அயலாருடன் சம்பந்தம் செய்துகொள்ளாத குடும்பம்! ஆதலால் பிள்ளை பெரும்பாலும் தாயைப் போலவே பிறக்கிறது. தாயை வாட்டிய நோய் பிள்ளையையும் வாட்டுகிறது.

மகசூல் பெருக வேண்டுமானால் செடிக்குச் செடி வேற்றுமை வேண்டும். ஒன்றுக்கு ஆழ்ந்த வேர். மற்றொன்றுக்கு நோயை எதிர்க்கும் வலிமை. இன்னொன்று விரைவில் முற்றுவது. இக்குணங்களை ஒரே செடியில் கூட்டுவதற்காக, ஆராய்ச்சியாளர் மலராத மொட்டைப் பிரித்து, சிறு இடுக்கியால் மகரந்தப் பைகளை அகற்றி, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவுகின்றனர். பல மொட்டுக்களில் சிலவே காய்க்கும். பின்னர் தலைமுறை தலைமுறையாக நல்லதைப் பொறுக்கியெடுக்க வேண்டும்.

இப்பொறுமை வீண்போகவில்லை. 1999-ல் வெளியான ஜே.ஜி. 11 என்னும் ரகம் விரைவில் முற்றுவது. வாடல் நோய்க்கு அஞ்சாதது. ஆந்திரத்தின் கரிசல் நிலங்களில் அது வெகுவாகப் பரவிற்று. ஐ.சி.சி. 4958 என்னும் ஆழ்வேர்ச் செடியின் வறட்சி தாங்கும் குணத்தைப் பூசா 372 என்னும் ரகத்தில் சேர்த்துப் பூசா 10216 உருவாக்கப்பட்டது.

ஆனால் இங்கேதான் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. நல்ல ரகம் கிடைத்ததும் குடியானவர் பழையவற்றைக் கைவிடுவது இயல்பு. எங்கும் ஒரே கடலை விளையும் காலத்தில் புதிய நோயொன்று தோன்றினால், அதை எதிர்க்கும் குணத்தை எங்கே போய்த் தேடுவது?

இதற்கு விடைதான் ஹைதராபாத்துக்கு அருகே பதஞ்செருவில், 1972-ல் ஏற்பட்ட இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தின் விதைக் களஞ்சியம். பல நாடுகளில் திரட்டிய 20,000-க்கு மேற்பட்ட கடலை வித்துக்கள் அங்கே குளிர் அறைகளில் உறங்குகின்றன. 2021-ல் விஞ்ஞானிகள் 3,366 வகைக் கடலைகளின் மரபணுத் தொகுதியைப் படித்து, எக்குணம் எங்கே மறைந்துள்ளது என்று தேடுவதற்கு வழி வகுத்தனர்.

அவற்றிற் பல, இன்று சந்தைக்கு உதவாத சிறு கடலைகள். எனினும் அவற்றை அழியவிடுவது, விதை நெல்லைக் குற்றித் தின்பதற்கே ஒப்பாகும்.