ஊருக்கு மார்க் போடுகிறவர்கள்

2010-ல் தூர்தர்ஷனின் மலையாள அலைவரிசையில் ஒரு ரியாலிட்டி ஷோ வந்தது. அதில் பாட்டும் கிடையாது, ஆட்டமும் கிடையாது. மேடையேறியவர்கள் பஞ்சாயத்துத் தலைவர்களும் உறுப்பினர்களும். தண்ணீருக்கு என்ன செய்தீர்கள், குப்பை எங்கே போகிறது, ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கிடைத்ததா என்று நடுவர்கள் கேட்டார்கள். ஊர் சார்பில் வந்தவர்கள் கேமராவுக்கு முன் பதில் சொன்னார்கள். 'கிரீன் கேரளா எக்ஸ்பிரஸ்' என்ற அந்தப் போட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகள் கலந்துகொண்டன. முதல் பரிசான ஒரு கோடி ரூபாயை வென்றது எலப்புள்ளி. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்கு முன்னால் வரும் ஊர் அது.

அந்தப் பக்கம் பயணம் செய்தவர்களுக்கு நிலம் தெரியும். கேரளம் என்றதும் மனதில் வரும் ஈரப் பச்சை அங்கே குறைவு. கரும்பனைகளும் மழைக்குக் காத்திருக்கும் வயல்களும்தான் அதிகம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி என்று கிழக்கே போகப் போகத் தமிழ் கூடும், தண்ணீர் குறையும். பிளாச்சிமடையும் இந்த வட்டாரம்தான். கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று அங்கே போராடியவர்களில் பழங்குடிப் பெண்கள் முன்னால் நின்றார்கள். 2003-ல் பெருமாட்டி பஞ்சாயத்து அந்த ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் ஓர் ஊர் தன் நீரையும் நிலத்தையும் பற்றி மாநிலம் முழுக்கப் பார்க்கப் பதில் சொன்னதைச் சின்ன விஷயமாக நினைக்க என்னால் முடியவில்லை.

ஊர்களுக்கு இடையே போட்டி வைத்து வேலை வாங்குவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. மகாராஷ்டிரத்தில் 2000-01-ல் சந்த் கட்கே பாபா பெயரில் கிராமத் தூய்மைப் போட்டி தொடங்கியது. துடைப்பத்தோடு ஊர் ஊராகப் போய், பெருக்கி முடித்த பிறகே பாட ஆரம்பித்தவர் கட்கே பாபா. அவர் பெயரில் கிராமங்கள் போட்டி போட்டுச் சாக்கடை வெட்டின, கழிப்பறை கட்டின. அரசு கொடுத்த பணத்தைவிட மக்களின் உழைப்பும் நன்கொடையும்தான் அங்கே பெரிது. அதற்குப் பின் மத்திய அரசு 'நிர்மல் கிராம்' விருதைக் கொண்டுவந்தது. திறந்தவெளியில் யாரும் ஒதுங்காத ஊருக்கு அந்த விருது. அங்கேதான் கோளாறும் வெளிப்பட்டது. விருது வாங்கிய எத்தனையோ ஊர்களில் சில வருடங்களிலேயே கழிப்பறைகள் விறகும் வைக்கோலும் அடைக்கும் இடமாகிவிட்டன. குழு வந்து பார்த்துவிட்டுப் போன நாளோடு ஊரின் அக்கறையும் முடிந்துபோனது.

அயர்லாந்தில் 1958 முதல் 'டைடி டவுன்ஸ்' என்ற போட்டி நடக்கிறது. முதல் ஆண்டு வென்றது க்ளென்டீஸ் என்ற சிற்றூர். இத்தனை பத்தாண்டுகள் அது தாக்குப்பிடித்ததற்குப் பரிசுப் பணம் காரணமாக இருக்க முடியாது. நடுவர் கோடையில் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து ஊரைச் சுற்றிப் பார்க்கிறார். பிறகு, கலந்துகொண்ட ஒவ்வோர் ஊருக்கும், தோற்ற ஊருக்கும் சேர்த்து, எழுத்தில் ஓர் அறிக்கை வருகிறது. ஆற்றங்கரையில் களை மண்டியிருக்கிறது, பழைய கட்டடத்தின் முகப்பை நன்றாகப் பாதுகாத்திருக்கிறீர்கள் என்று தலைப்புவாரியாக மதிப்பெண்ணும் காரணமும் அதில் இருக்கும். தன்னார்வலர்கள் அதை வைத்து அடுத்த வருட வேலையைத் திட்டமிடுகிறார்கள். கோப்பை ஓர் ஊருக்கு மட்டும் போகும். அறிக்கை எல்லா ஊருக்கும் போகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கேரளத்தின் இடுக்கி மலைக்கு வருவோம். 2023 செப்டம்பர் 27, உலகச் சுற்றுலா தினத்தன்று, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் காந்தளூர் தங்கம் வென்றது. நாடு முழுவதிலும் தேர்வான 35 கிராமங்களில் தங்கம் பெற்றவை ஐந்துதான். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்த முன்னோர் அமைத்த ஊர்கள் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் வரலாறு. மழை மறைவுப் பிரதேசம். படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டு, கேரட், முட்டைக்கோஸ். காந்தளூர் வட்டவடை பூண்டுக்கும் மறையூர் வெல்லத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. வயலையும் வீட்டையும் விருந்தினருக்குத் திறந்துவிட்டு, பெண்கள் கையில் வருமானம் சேரும்படி கேரளப் பொறுப்புச் சுற்றுலா இயக்கம் இங்கே செய்த ஏற்பாடு விருதுக்குத் தகுதியானதுதான்.

ஆனால் அஞ்சுநாட்டு விவசாயியிடம் ஊரில் என்ன குறை என்று கேட்டால் 'கிராண்டிஸ்' என்பார். யூக்கலிப்டஸ் மரத்துக்கு அங்கே அதுதான் பேர். காய் விளைந்த நிலங்களில் கிராண்டிஸ் தோட்டங்கள் பெருகியதும் ஊற்றுகள் வற்றின. அவற்றை அகற்ற அரசே முடிவெடுத்தும் வேலை இழுபறியாகவே நடக்கிறது. ஊற்றில் தண்ணீர் திரும்பியதா என்ற கேள்விக்கு எந்தப் போட்டியின் மதிப்பெண் தாளில் இடம் இருக்கிறது? பெயர்ப் பலகைக்கும் பூந்தொட்டிக்கும் கிடைக்கும் மார்க்கில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டாமா?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஊரைச் சுத்தமாக வைத்திருப்பது யார்? கேரளத்தில் அந்த வேலை, கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களின் தோளில் இருக்கிறது. பெரும்பாலும் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி அமைப்பின் அயல்கூட்டங்களிலிருந்து வந்தவர்கள். வீடு வீடாக ஏறி, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கித் தரம்பிரித்து அனுப்புகிறார்கள். வீட்டுக்காரர் தரும் சிறு மாதக் கட்டணம்தான் அவர்களுக்கு முக்கிய வருமானம். மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களில் மேட்டிலும் பள்ளத்திலும் சாக்கைச் சுமந்து நடப்பவர்கள் அவர்கள். பஞ்சாயத்துக்குக் கேடயம் கிடைக்கும் நாளில் மேடையில் அவர்களுக்கு நாற்காலி போடப்பட வேண்டும். பரிசுத் தொகையில் அவர்களுக்கு ஒரு பங்கு என்று விதியிலேயே எழுதலாம்.

தமிழ் பேசும் இந்த எல்லை ஊர்களுக்குப் போட்டித் தாள்கள் தமிழில் வர வேண்டும். இந்த மொழி விஷயத்தில் சட்டம் நமக்குத் துணையாக இருக்கிறது. 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தம் பகுதி அலுவலகங்களோடு தமிழில் எழுதித் தொடர்புகொள்ள வழி தருகிறது. அப்படியென்றால் வட்டவடைக்கும் எருத்தேன்பதிக்கும் போட்டி விதிகளும் மதிப்பெண் தாளும் நடுவர் அறிக்கையும் தமிழில் வருவதில் என்ன சிரமம்? அந்த அறிக்கையைக் கிராம சபையில் உரக்கப் படித்துவிட்டால், கையெழுத்துப் போடத் தயங்கும் பாட்டிக்கும் தன் வார்டு எதில் மார்க் இழந்தது என்று தெரியும். அங்கேயே எழுந்து கேட்பார்.

எலப்புள்ளிக்கு 2025-ல் வேறொரு சோதனை வந்தது. அந்த ஜனவரியில் அங்கே ஓர் எத்தனால், மதுபான ஆலைக்கு மாநில அமைச்சரவை முதற்கட்ட அனுமதி தந்தது. எங்கள் தண்ணீர் என்னாகும் என்று பஞ்சாயத்து எதிர்த்தது. ஊர் மக்களும் எதிர்த்தார்கள். அதற்குப் பதினைந்து வருடங்களுக்கு முன் தண்ணீரைப் பற்றி நடுவர்களின் கேள்விக்குப் பதில் சொன்ன ஊர், இம்முறை அரசைப் பார்த்துக் கேள்வி கேட்டது. அடுத்த முறை மாநில அளவில் ஊர்ப் போட்டி வைக்கும்போது, பஞ்சாயத்துகள் அரசுக்கு மார்க் போட ஒரு பக்கத்தையும் அந்தத் தாளில் சேர்த்துவிடலாம்.