உங்களுக்குத் தெரியுமா? – ரீஜென்சி காலத்துக் கல்யாணப் பேரங்கள்

கடனில் மூழ்கிய ஒரு பிரபு. பணக்கார வியாபாரியின் மகள் ஒருத்தி. காதல் கிடையாது, கணக்கு மட்டும்தான் என்று பேசி முடித்துத் தேவாலயப் படியேறுகிறார்கள். முந்நூறு பக்கம் போவதற்குள் ஒருவருக்காக ஒருவர் உயிரையே விடத் துணிகிறார்கள். ‘ரீஜென்சி ரொமான்ஸ்’ நாவல்களில் வாசகர்களுக்கு அலுக்காத கதை இது. முடிவு நல்லபடியாக இருக்கும் என்பது படிப்பவருக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் இப்படி ஒரு பேரத்துக்குத் தலையாட்டிய பெண்ணுக்கு அந்த நிம்மதி இல்லை. பேரம் பொய்த்தால் நஷ்டம் பெரும்பாலும் அவளுக்குத்தான். அந்த நாவல்களுக்குப் பின்னால் இருக்கும் நிஜங்கள் இங்கே.

● ஒன்பதே ஆண்டுகள்

மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றியதால், 1811 பிப்ரவரியில் அவருடைய மூத்த மகன் ஆட்சிப் பொறுப்பாளர் ஆனார். ஆங்கிலத்தில் அந்தப் பதவிக்கு ‘ரீஜென்ட்’ என்று பெயர். 1820 ஜனவரியில் மன்னர் இறக்க, ரீஜென்சியும் முடிந்தது. இந்த ஒன்பது ஆண்டுகளை நம்பித்தான் ஒரு பெரிய நாவல் உலகமே இயங்குகிறது.

● இளவரசரே பேரக்காரர்

அந்த ரீஜென்ட் இளவரசரின் கல்யாணமே ஒரு கடன் தீர்ப்பு. 1795-இல் அவருடைய கடன் 6 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. முறைப்படி ஓர் இளவரசியை மணந்தால் நாடாளுமன்றம் கடனுக்கு வழி செய்யும் என்பது ஏற்பாடு. ஜெர்மனியிலிருந்து வந்த கரோலினை அவர் முதன்முதலில் பார்த்ததே கல்யாணத்துக்குச் சில நாள் முன்புதான். பார்த்த உடனே பிராந்தி கேட்டார். ஒரு மகள் பிறந்தாள்; அதோடு தம்பதி பிரிந்தார்கள். 1821-இல் அவர் முடிசூடியபோது, அரசி கரோலினை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலய வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று வாரத்துக்குள் கரோலின் இறந்துபோனார்.

● கல்யாணச் சந்தைக்கு அனுமதிச் சீட்டு

லண்டன் கிங் தெருவில் ‘ஆல்மாக்ஸ்’ என்ற நடனக்கூடம் இருந்தது. புதன்கிழமை தோறும் விருந்து. யாருக்குச் சீட்டு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்தவர்கள் சில சீமாட்டிகள். வெறும் பணக்காரருக்கு அங்கே இடமில்லை, குலம் பார்த்தார்கள். சாப்பாடு என்னவோ ரொட்டியும் வெண்ணெயும், தேநீரும் எலுமிச்சை பானமும்தான். சாப்பிடவா போனார்கள்? பெண்ணுக்கு வரன் பார்க்கத் தாய்மார் அந்தச் சீட்டுக்காகத் தவம் கிடந்தார்கள்.

● மனைவியின் காசு கணவன் காசு

கல்யாணம் முடிந்த கணமே மனைவியின் ரொக்கம், நகை, சம்பாத்தியம் எல்லாம் சட்டப்படி கணவனுக்குச் சொந்தம். அவள் பெயரில் நிலம் இருந்தால் அதை நிர்வகிப்பதும் வருமானத்தை அனுபவிப்பதும் அவனே. தன் பெயரில் ஒப்பந்தம் போடவோ வழக்குத் தொடுக்கவோ அவளால் முடியாது. ‘வசதிக் கல்யாணம்’ என்பதில் வசதி யாருக்கு என்பதைச் சட்டமே எழுதி வைத்திருந்தது.

● ஒரே கவசம்

இதற்கு வசதியுள்ள குடும்பங்கள் கண்ட மாற்றுவழி, கல்யாணத்துக்கு முன்பே எழுதிக்கொள்ளும் சொத்து உடன்படிக்கை. மனைவியின் கைச்செலவுக்கு ஆண்டுக்கு இவ்வளவு, கணவன் இறந்தால் அவளுக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு என்று இரு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்து பேசுவார்கள். சொத்து டிரஸ்டிகள் கையில் போகும். இந்தப் பேச்சு இழுத்தால் கல்யாணத் தேதியும் தள்ளிப்போகும். நாவல்களில் நாயகியின் அப்பாவோ அண்ணனோ வக்கீலுடன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் காட்சி வந்தால், அவளுடைய எதிர்காலத்துக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அங்கேதான் எழுதப்படுகிறது என்று பொருள்.

● உடன்படிக்கை இருந்தும் அழிந்த செல்வம்

கேத்தரின் டைல்னி லாங், அந்நாளில் இங்கிலாந்தின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருத்தி. தம்பி சிறுவயதிலேயே இறந்ததால், லண்டனுக்குக் கிழக்கே இருந்த வான்ஸ்டெட் மாளிகையும் பரந்த நிலங்களும் அவளுக்கு வந்தன. மன்னரின் மகன் கிளாரன்ஸ் கோமகனே பெண் கேட்டார். மறுத்துவிட்டாள். 1812 மார்ச் 14 அன்று தன் மனத்துக்குப் பிடித்த வில்லியம் வெல்லெஸ்லி-போலை மணந்தாள். அவன் படைத்தலைவர் வெலிங்டன் பிரபுவின் அண்ணன் மகன், ஊரறிந்த ஊதாரி. மனைவியின் குடும்பப் பெயர்களையும் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டான்.

கல்யாணத்துக்கு முன் உடன்படிக்கை எழுதியும், பத்து ஆண்டுதான். 1822 ஜூனில் கடன்காரர்களுக்காக மாளிகையின் தட்டுமுட்டுச் சாமான் வரை ஏலத்துக்கு வந்தது. ஏலம் மட்டும் 32 நாள் நடந்தது. பிறகு மாளிகையையே இடித்து, கல்லையும் மரத்தையும் கட்டுமானப் பொருளாக 10,000 பவுண்டுக்கு விற்றார்கள். 1825-இல், 35 வயதில் கேத்தரின் இறந்தாள். பிள்ளைகளைக் கணவன் கைக்கு விடக்கூடாது என்பதே அவளுடைய கடைசிக் கவலை. அவள் சகோதரிகள் விடாமல் போராடினார்கள். தகப்பனுக்கே பிள்ளைகள் என்று இருந்த காலத்தில், 1827-இல் நீதிமன்றம் அவனிடம் பிள்ளைகளை ஒப்படைக்க மறுத்தது. அபூர்வமான தீர்ப்பு அது. காதலித்து மணந்தவளுக்கும் சட்டம் அதே சட்டம்தான் என்பதற்குக் கேத்தரினை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

● மூன்று ஞாயிறு ஓலை

1754 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும்; இல்லையென்றால் லைசென்ஸ் வாங்க வேண்டும். 21 வயது நிரம்பாதவர் லைசென்ஸ் வாங்கி மணக்கப் பெற்றோர் சம்மதம் கட்டாயம். காலை எட்டு மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் கல்யாணம் முடிந்தாக வேண்டும். நேரம், இடம் எதுவும் பார்க்காமல் மணக்க, கேன்டர்பரி பேராயர் தரும் சிறப்பு லைசென்ஸ் ஒன்றே வழி. நாவல் நாயகன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டும் காகிதம் அதுதான்.

● எல்லை தாண்டினால் கல்யாணம்

அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. அங்கே இரண்டு சாட்சிகள் முன்னால் ‘மணந்துகொள்கிறோம்’ என்று சொன்னால் போதும். பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 வயது நிரம்பியிருந்தால் யார் சம்மதமும் தேவையில்லை. எல்லையைத் தாண்டியதும் வரும் கிராமம் கிரெட்னா கிரீன். ஓடிவந்த ஜோடிகளுக்கு அங்கே கொல்லுப்பட்டறையே மணமேடை. 1856-இல்தான், மணமக்களில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது.

● பேத்திக்குப் போன பேங்க்

1782-இல் லண்டன் பேங்க் அதிபர் ராபர்ட் சைல்டின் ஒரே மகள், வெஸ்ட்மோர்லண்ட் பிரபுவோடு கிரெட்னா கிரீனுக்கு ஓடிப்போனாள். சைல்ட் பின்னாலேயே துரத்தினார், பிடிக்க முடியவில்லை. கோபத்தில் உயிலை மாற்றினார். மருமகனின் பட்டத்துக்கு வரும் வாரிசுக்குத் தன் காசு போகாதபடி எழுதிவைத்தார். அதனால் சொத்து முழுக்கப் பேத்தி சாராவுக்குப் போனது. அவள் பேங்கின் மூத்த பங்குதாரர் ஆனாள். ஜெர்சி சீமாட்டி என்ற பெயரில் ஆல்மாக்ஸில் யாருக்குச் சீட்டு என்று முடிவு செய்தவர்களில் ஒருத்தியும் அவளே. ஓடிப்போனவளின் மகள், ஊர்ப் பெண்களின் கல்யாணச் சந்தைக்குக் காவல் நின்றாள்.

● கடத்தலும் ஒரு வழி

பணக்காரப் பெண்ணை மணக்கச் சிலர் பேரம்கூடப் பேசவில்லை. 1826-இல் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட், எல்லன் டர்னர் என்ற 15 வயதுச் சிறுமியைப் பள்ளியிலிருந்து பொய் சொல்லி வரவழைத்தான். அப்பா கடனில் சிக்கிவிட்டார், நீ என்னை மணந்தால்தான் அவர் பிழைப்பார் என்று நம்பவைத்துக் கிரெட்னா கிரீனில் கல்யாணம் செய்துகொண்டான். நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு அதைச் செல்லாததாக்கியது. அவனுக்கு மூன்றாண்டுச் சிறை. அவன் பிற்காலத்தில் நியூசிலாந்துக் குடியேற்றத்தின் முக்கியப் புள்ளியாகிப் பெயர் பெற்றான். எல்லன் வேறொருவரை மணந்து, 19 வயதிலேயே பிரசவத்தில் இறந்தாள்.

● கவிஞரின் ஓராண்டு இல்லறம்

பைரன் பிரபுவுக்குக் கவிதையில் புகழ், பையில் கடன். 1815 ஜனவரி 2 அன்று, சிறப்பு லைசென்ஸ் வாங்கி, மணமகள் ஆனபெல்லா மில்பேங்க் வீட்டுக் கூடத்திலேயே கல்யாணம் நடந்தது. வீட்டில் ஜப்திக்காரர்கள் வந்து உட்காரும் நிலை வந்தது. டிசம்பரில் மகள் பிறந்தாள். அடுத்த மாதமே ஆனபெல்லா கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டாள், திரும்பவே இல்லை. அந்தக் குழந்தைதான், கணினி நிரல் என்றதும் உலகம் நினைவுகூரும் ஏடா லவ்லேஸ்.

● பார்க்காமலே கேட்ட பெண்

கையில் காசில்லாத இளம் ராணுவ அதிகாரி ஆர்தர் வெல்லெஸ்லி, கிட்டி பேக்கன்ஹாமைப் பெண் கேட்டபோது அவள் வீட்டார் மறுத்துவிட்டார்கள். அவர் இந்தியாவுக்கு வந்தார். சென்னைக் கோட்டையில் இருந்தார், ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்டார், பேரும் பணமும் சேர்த்துத் திரும்பினார். பத்தாண்டுக்கும் மேலாக நேரில் பார்க்காமலே கடிதத்தில் பெண் கேட்டு, 1806-இல் டப்ளினில் மணந்தார். நாவலாக இருந்தால் அதுவே சுபம். ஆனால் பின்னாளில் வெலிங்டன் பிரபுவான அவருடைய இல்லறம் இருவருக்கும் கசப்பாகவே கழிந்தது.

● வாக்குத் தவறினால் வழக்கு

மணப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கும் ஆண் மீது பெண் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். பேச்சை முறிக்கும் உரிமையைச் சமூகம் பெண்ணுக்குத்தான் தந்தது. முறித்தவளுக்கு ‘ஏமாற்றுக்காரி’ என்ற பட்டமும் கூடவே வந்தது. இங்கிலாந்தில் இந்த வழக்கு முறை 1970-இல் இயற்றிய சட்டத்தால்தான் ஒழிந்தது.

● மனைவிக்கு விலை

மனைவி இன்னொருவனோடு போனால் கணவன் அவன் மீது நஷ்டஈட்டு வழக்குப் போடலாம். அந்த வழக்கில் மனைவி வாய் திறக்கவே முடியாது. 1809-இல் வெலிங்டனின் தம்பி மனைவி சார்லட், பேஜட் பிரபுவோடு போய்விட்டாள். கணவனுக்குத் தீர்ப்பான தொகை 20,000 பவுண்டுக்குக் குறையவில்லை. அதே பேஜட் 1815-இல் வாட்டர்லூவில் வெலிங்டனுக்குக் கீழே குதிரைப்படையை நடத்தினார். போரில் ஒரு காலை இழந்தார்.

● விவாகரத்துக்கு நாடாளுமன்றம்

மறுமணம் செய்யும்படியான விவாகரத்து வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டும். 1857 வரை இப்படி விடுதலை பெற்ற மனைவியர் நான்கே பேர். முதலாமவர் ஜேன் அடிசன், 1801-இல். கணவன் துரோகம் செய்தது மட்டும் போதாது; அவன் உறவு வைத்தது மனைவியின் சொந்தச் சகோதரியோடு என்பதால்தான் அவருக்கு அது கிடைத்தது.

● ஒரே ராத்திரி நிச்சயதார்த்தம்

1802 டிசம்பர் 2. ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் மேனிடவுன் பண்ணை மாளிகை. அதன் வாரிசான 21 வயது ஹாரிஸ் பிக்-விதர், விருந்தாளியாக வந்திருந்த பெண்ணிடம் மணந்துகொள்கிறாயா என்று கேட்டான். அவளுக்கு 27 நெருங்கிக்கொண்டிருந்தது, கையில் சொத்தில்லை. சரி என்றால் பெற்றோருக்கும் அக்காவுக்கும் ஆயுசுக்கும் நிம்மதி. சரி என்றாள். இரவு கழிந்தது. காலையில் மறுத்துவிட்டு உடனே ஊரைவிட்டுக் கிளம்பினாள். அவள்தான் ஜேன் ஆஸ்டின். கடைசிவரை மணக்கவில்லை. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் உரிமையை 110 பவுண்டுக்கு விற்றாள். அந்த நாவலில் சார்லட் லூகாஸ் என்ற 27 வயதுப் பெண், பாதுகாப்பான வீட்டுக்காக மட்டும் ஓர் அசட்டுப் பாதிரியாரை மணக்கிறாள். ஆஸ்டின் அவளைக் கேலி செய்து விட்டுவிடாதது எனக்கு எப்போதும் பெரிய விஷயமாகப் படும். அந்தப் பேரத்தின் கனம் தெரிந்தவர் எழுதியது அது.

● மானத்தின் விலைப்பட்டியல்

அதே நாவலில் நாயகியின் தங்கை லிடியா, விக்கம் என்பவனோடு ஓடிப்போகிறாள். மானம் காக்க அவன் அவளை மணக்க வேண்டும். நாயகன் டார்சி அவனுடைய ஆயிரம் பவுண்டுக்கும் மேலான கடனை அடைக்கிறான். லிடியா பெயரில் இன்னோர் ஆயிரம் எழுதிவைக்கிறான். ராணுவத்தில் அவனுக்குப் பதவியும் வாங்கித் தருகிறான். உலகம் கொண்டாடும் காதல் கதையின் திருப்பமே ஒரு கல்யாணப் பேரம்தான்.

● வசதிக் கல்யாணத்தின் நல்ல நாவல்

ரீஜென்சி ரொமான்ஸை ஒரு தனி வகையாக நிலைநிறுத்தியவர் ஜார்ஜெட் ஹேயர். 1961-இல் வந்த அவருடைய ‘எ சிவில் கான்ட்ராக்ட்’ நாவலில், கடன்பட்ட பிரபு ஆதம், வேறொருத்தியைக் காதலித்தும், பணக்கார வியாபாரியின் மகள் ஜென்னியை மணக்கிறான். மின்னல்வெட்டுக் காதல் இதில் இல்லை. வீட்டைக் கட்டிக் காத்து, பேசாமல் அன்பு செலுத்தும் மனைவியின் அருமையை அவன் மெல்ல உணர்கிறான். இந்த வகையில் ஒன்றே ஒன்று படிக்க நேரம் உண்டென்றால் இதைப் படியுங்கள்.

● ‘அப்பா’ என்று அழைத்த நாயகி

ஜூலியா குவின் நாவல்களை வைத்து எடுத்த ‘பிரிட்ஜர்டன்’ தொடரின் இரண்டாம் பருவம் 2022-இல் வந்தது. அதில் கேட், எட்வினா சகோதரிகளாக நடித்த சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் இருவரும் தமிழ் வம்சாவளியினர். கேட் தன் தந்தையை ‘அப்பா’ என்றே சொல்கிறாள். கதையின் முடிச்சு ஒரு ரகசியப் பேரம்: எட்வினா ஆங்கிலப் பிரபு ஒருவரை மணந்தால்தான் தாத்தா பாட்டி பணம் தருவார்கள்.

● சட்டத்தை மாற்றியவள்

1836-இல் பிரதமர் மெல்பர்ன் மீது ஒரு கணவன் நஷ்டஈட்டு வழக்குப் போட்டுத் தோற்றான். ஆனால் அவன் மனைவி, எழுத்தாளர் கரோலின் நார்ட்டன், தன் மூன்று மகன்களையும் பார்க்க முடியாமல் தவித்தாள். எழுதிச் சம்பாதித்ததும் சட்டப்படி அவனுடையதே. அவள் துண்டுப் பிரசுரங்கள் எழுதினாள், நாடாளுமன்ற உறுப்பினர்களை நச்சரித்தாள். 1839-இல் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி தாய் மனுச் செய்யும் உரிமை வந்தது. 1870-இலும் 1882-இலும் வந்த சட்டங்கள் மனைவியின் சம்பாத்தியத்தையும் சொத்தையும் அவளுக்கே ஆக்கின. வான்ஸ்டெட் மாளிகைக் கேத்தரினுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு, அவள் இறந்து 57 ஆண்டு கழித்து இங்கிலாந்தின் எல்லா மனைவியருக்கும் கிடைத்தது.